விதானையார் என் கையில் தந்த தடி

எங்கள் வயல்வெளிக்குத் தலைவரான வட்டைவிதானை கதிராமப்போடியார் போய்விட்டார் என்று உன்னிச்சையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. இந்த மாரியை அவர் தாண்டமாட்டார் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும், நடக்கப்போவது எனக்குத் தெரியும்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் தடியையும் தெரியும். விதைப்பு முடிந்ததும் வயற்காரர் ஒவ்வொருவரும் தம் பங்கு வேலியை அடைப்போம். விதானையார் அந்தத் தடியால் ஒவ்வொரு கம்பையும் தாமே தட்டிப் பார்ப்பார். பாதியை நான் பார்க்கிறேன் என்று ஒருமுறை கேட்டேன்.

"உன்ட வாயால வேலி அடைக்க ஏலா, மனே" என்றார். வயல்வட்டையே சிரித்தது. அன்றே கறுவிக்கொண்டேன்.

யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோன வருஷம், ஊரார் வேலியெல்லாம் தட்டித் திரிந்தவருக்குத் தம் பங்கை அடைக்க நேரமில்லை. அந்தத் திறப்பால் எருமைகள் இறங்கின. நூறு என்பேன்; குறைத்தால் எருமைகளுக்கு அவமானம். பால்பிடித்த கதிரெல்லாம் சேறு. விரட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "தடி நல்ல தடிதான் விதானையார். உங்கட வேலிதான் அதுக்குத் தெரியா போல."

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அடுத்த விதைப்புக் கூட்டத்தில் தடியை என் கையில் வைத்தார். "இந்தா. இதுக்கு மறுகா ஒரு மாட்டுக்கண்டு நுழைஞ்சாலும் நீதான் பதில் சொல்லோணும்."

தண்ணீருக்குச் சண்டை பிடித்தவனிடம் மதகுப் பொறுப்பு போனது. சூடடிப்பில் குறையென்று முறைப்பட்டவனிடம் நெற்களமான களவெட்டி போனது. "குறை சொல்றவனுக்கே அந்த வேலையைக் குடு, குறையும் போகும் வேலையும் முடியும்" என்பார், மருத நிழலில் சுருட்டோடு சாய்ந்துகொண்டு. நாங்கள் வெயிலில் வறுபட்டோம். வட்டையோ அதற்குமுன் அப்படி விளைந்ததில்லை. எல்லாவற்றையும் தானே பிடித்திருக்கும் தலைவனுக்குச் சொந்த வேலி மிஞ்சாது என்று இப்போது நான் ஊர் ஊராகச் சொல்கிறேன், என் கண்டுபிடிப்பாக.

ஆனால் "நல்லா அடைச்சிருக்காய்" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை போகம் காத்திருந்தேன். வருவார், பார்ப்பார், துப்புவார், போவார்.

நோயோடு கிடையில் விழுந்தபின் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார். "உன்னைப்போல வேலி பாக்க ஒருத்தனும் இல்லை, மனே" என்று அழுதார். செத்த வீட்டில் இதைச் சொன்னேன். அன்று சிரித்தவர்கள் தலை குனிந்தார்கள்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தத் தடியும் அந்தச் சொல்லும். தடி அவர் தந்தது. சொல் நான் கட்டியது. அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். உயிரோடு சொல்லாததைச் செத்தபின் சொல்லவைத்துவிட்டேன். இல்லையென்று சொல்வதானால் எழும்பி வரட்டும்.