கழட்டிப்போட்டு வா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்த காலத்தில் அதைக் கண்டிப்பு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

யுத்த காலம் அது. பத்தாம் வகுப்புக்கு, மறுகரையான படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை வருவாள். காலையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து வந்து, பின்னேரம் அதிலேயே திரும்புவாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளால் எனக்கும் நல்ல பெயர் வரும் என்று நம்பியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை, சட்டைக் கழுத்துக்குள் மஞ்சள் கயிற்றோடு வந்தாள். பதினைந்து வயது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தி, மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். படிப்பில் பாதியில் என்ன அவசரம் வந்தது என்றேன். நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

“படிக்கிறதெண்டா அதைக் கழட்டிப்போட்டு வா.”

மறுநாள் வெறுங்கழுத்தோடு வந்தாள். அதை ஆசிரியர் அறையில் பெரிய வெற்றியாகச் சொல்லிச் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சில வாரம் போனது. சோதனை நெருங்கியதால் ஒருநாள் பின்னேர வகுப்பை நீட்டினேன். அவள் யன்னலால் துறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் காத்திருக்கிறாரோ என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. விட்டதும் கையில் அகப்பட்ட கொப்பிகளை அள்ளிக்கொண்டு கடைசிப் பாதைக்கு ஓடினாள். அடுத்த நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் தாய் வந்தாள். மறுகரையில் இறங்கிய இடத்தில், இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்க நின்றவர்கள் மகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அழுது ஓய்ந்த குரல். புருஷன் வீட்டார் போய்க் கேட்கவில்லையா என்று அப்போதும் கேட்டேன் நான்.

“மாப்பிள்ளை ஒருத்தரும் இல்ல டீச்சர். கலியாணம் முடிச்ச புள்ளையளப் பிடிக்கமாட்டாங்க எண்டாங்க. மண்டூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் நான்தான் கட்டிவிட்டன். ஒருத்தரிட்டயும் சொல்லாத எண்டு சொல்லி வெச்சன்.”

மாப்பிள்ளை இல்லை என்று வெளியே தெரிந்தால் அந்தக் கயிறு காக்காது. அதனால்தான் என் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று தனியே அழைத்து ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

அன்றைக்கு மட்டும் கழுத்தில் கயிறு இல்லையாம், எங்கே விட்டாளோ தெரியவில்லை என்றாள் தாய். அவளுடைய மேசையைத் திறந்தேன். கொம்பாஸ் பெட்டி அப்படியே கிடந்தது. உள்ளே, கோடு போடும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தினமும் வந்ததும் கழற்றி வைத்து, போகும்போது கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அன்று நான் அதற்கு நேரம் விடவில்லை.

தாய் கயிற்றை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

“மறதிக்காரி,” என்றாள். “எத்தின தரம் சொன்னன்.”

அவள் மறதிக்காரி இல்லை. அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.