ஹாலுக்குள் போகாத நாடகம்

அறுபதுகளின் நடுவில், எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஆறு பேர் ஒரு நாடகம் போடக் கிளம்பினோம். கப்பல் வராத வாரத்தில் ரேஷன் கடை வரிசையில் நடக்கும் சண்டைதான் கதை. நான் வெங்காயத்துக்குச் சண்டை போடுகிறவள். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா கடைக்காரர். ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது எங்கள் அரைகுறைத் தீவு இந்தி ஒன்றுதான். வசனமும் அதிலேயே.

அந்தச் சமயம் கப்பலில் பத்து நாள் பழைய பேப்பர் வந்தது. மெயின்லேண்டில், தமிழ்நாட்டுப் பக்கம், இந்தி வேண்டாமென்று மொழிச் சண்டை. மறுநாளே தமிழ்ச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். மர கான்ட்ராக்டர்.

"அங்க நம்ம புள்ளைங்க அடி வாங்குது. இங்க நீங்க இந்தில நாடகம் போடுறீங்களா தங்கச்சி?"

அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் கேட்டேன்: "உங்க கூலியாளுங்கள தினம் எந்த பாஷைல அண்ணே திட்டுறீங்க?"

"அது தொழிலு."

நாடகம் போடக் கேட்டிருந்த ஹாலின் கமிட்டித் தலைவர் வடக்கத்தி அதிகாரி. அவருக்கோ ஒரே சந்தோஷம். திரை விலகுமுன் மைக்கில், 'மதராசிகளே இந்தியை ஏற்றுக்கொண்டார்கள்' என்று அறிவிக்கப் போகிறாராம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஹம் லோக் பாத் கர்தா ஹை, பஸ்," என்றேன். நாங்கள் பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அப்படி அறிவித்தால் நடிக்க மாட்டோம் என்றதும் ஹால் இல்லை என்றுவிட்டார்.

நாடகம் எதைப் பற்றி என்று செயலாளர், தலைவர் இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அக்காதான் வழி சொன்னாள். "நீ தமிழ்ல திட்டு, நான் பங்களால திட்டுறேன். சண்டைதானே, எல்லாருக்கும் புரியும்," என்றாள் இந்தியில். ஞாயிறு மதியம், தண்ணீர்க் குழாயடியில் போட்டோம். தெலுங்குக்காரி தெலுங்கில் அழுதாள். மலையாளத்துக்காரி மலையாளத்தில் வரிசையைப் பிடித்துத் தள்ளினாள். மற்ற இரண்டு பேரும் வரிசையில் நின்று ஒட்டுக்கேட்டு அர்த்தம் சொல்லத்தான் இடையிடையே இந்தி வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளர் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தாள்.

தமிழ்ச் சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை.

"கொஞ்சம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்," என்றார் என் கணவர்.

அழைப்பு வராததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் அப்படிச் சொன்னதற்குத்தான் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.