வாயைத் திறந்த குரூப் போட்டோ

பிளஸ் டூ முடியும்போது, சிங்காநல்லூரில் எங்கள் பள்ளி மைதானத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றார் போட்டோக்காரர்.

பெரியவர்கள் சொன்னதற்குப் பதில் சொல்லாவிட்டால் எங்கள் பக்கம் அது மரியாதையில்லை. வகுப்பே "சரிங்க!" என்றது, கேமராவும் கிளிக்கென்றது. அடுத்த படமும் அப்படியே போயிற்று.

ஹெட்மாஸ்டர் கொதித்துப் போனார். "இனி எவனாச்சும் சரிங்கன்னா டி.சி.யக் குடுத்துப்போடுவேன்!"

எப்படியும் அடுத்த மாதம் டி.சி. வாங்கப்போகிறவர்களுக்கு இப்படியொரு மிரட்டல்!

"சரிங்க சார்!" பிலிம் தீர்ந்தது.

படத்தில் நான் மட்டுமே வாயை மூடியிருக்கிறேன். "சொன்ன பேச்சுக் கேக்கறவன் உங்க பையன் ஒருத்தன்தானுங்க" என்று ஹெட்மாஸ்டர் அம்மாவிடம் மெச்சினார். அம்மா இன்னும் அதைச் சொல்லிப் பூரிக்கிறார். அன்றைக்கு என் வாய் நிறையத் தேன்மிட்டாய்.