வலது கண்ணும் ஒரு வத்தலும்

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் எனக்கு மிளகாய் வத்தல் மண்டி இருந்தது. மண்டிக்குப் பின்னால்தான் வீடு. பந்தல்குடிப் பக்கத்து மூட்டைகள் வந்து இறங்கினால் வீடே தும்மும். என் மகளின் சளியைப் பற்றி யாராவது கேட்டால், வத்தல் வியாபாரி பிள்ளைக்கு மூக்கு ஒழுகாவிட்டால்தான் டாக்டரிடம் போகணும் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பத்து நாளாகச் சளியும் முகவலியும் இருந்து, ஒரு காலை வலது இமை சிவந்து வீங்கியிருந்தது. மிளகாய்க் கையால் கசக்கியிருப்பாள் என்று தீர்ப்புச் சொல்லி, கண்ணைக் கழுவச் சொன்னேன். மறுநாள் காய்ச்சல். கண் திறக்கவே இல்லை. என் மனைவி இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“முழி வெளிய தள்ளி நிக்கிது. அசைய மாட்டேங்குது. இது காரமில்லங்க.”

உள்ளூர் டாக்டர் ஊசி போட்டு, உடனே மதுரைக்குப் போகச் சொன்னார். பஸ்ஸில் அவள் என் மடியில் அனலாகக் கொதித்தாள். காரியாபட்டி வருவதற்குள் எத்தனை முறை நெற்றியைத் தொட்டேனோ தெரியாது.

மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்தில் கட்டிய சீழ் கண்குழிக்குள் இறங்கிவிட்டது என்றார் மதுரை டாக்டர். அவளுடைய இடது கண்ணைப் பொத்திவிட்டு, சிவப்பாக ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சாம்பிள் வத்தலை நீட்டினேன். முதல் தரம் அது.

“மண்ணு நெறமா இருக்குப்பா,” என்றாள்.

கண் நரம்பு நசுங்கும்போது சிவப்புதான் முதலில் மங்குமாம். அன்றே சீழை எடுக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார். கையெழுத்துப் போடும்போது என் விரலில் வத்தல் நெடி அடித்தது. ஒரு முழு நாளைக் கேலியில் தொலைத்த பாவி நான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். அந்தச் சாம்பிள் வத்தல் சட்டைப் பையிலேயே நொறுங்கியிருந்தது. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். டாக்டர் மறுபடி இடது கண்ணைப் பொத்தினார். வலது இமை பாதிதான் திறந்தது. வத்தலை நீட்டினேன்.

வெகு நேரம் பார்த்தாள்.

“வெளுத்துப் போயிருக்குப்பா.”

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருசச் சரக்குப்பா இது. யாரு ஒங்க தலையில கட்டுனது?” என்றாள் மகள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன். நிஜமாகவே நிறம் வெளுத்த, போன வருடத்துச் சரக்குதான். வியாபாரியான நானே பார்க்காமல் வாங்கி வந்திருந்தேன். டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.