ஓடாத காரின் ஓட்டப்படம்

ஓடுகிற காரைப் படம் பிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இடுப்பைத்தான் காட்டுவேன். காலை மண்ணில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கமராவை முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கார் வரும்போது இடுப்புக்கு மேலே மட்டும் அதனோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பட்டனை அமத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் எல்லாம் போச்சு. இப்போது கார்ப் பந்தயம் எங்கே நடந்தாலும் ஓடிப்போய் வேலியோரம் நின்று நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பது வயதில் நான்தான் அந்தக் கார்.

சண்டைக்காலம். நறுவிலிக்குளத்தில் எங்கள் வீட்டுக் கிடுகுக் கொட்டிலுக்குள் அப்பாவின் கருநீலக் கார் நின்றது. அப்பா அதை வாடகைக்கு ஓட்டினவர். எங்கள் பக்கம் பெற்றோல் வராமல் போன பிறகும், மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருந்த நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவார். பின்னால் வருகிற புகையில் ஊரே கண்ணைக் கசக்கும். அந்த வித்தை அவருக்கு மட்டும்தான் படிந்தது. காலில் காயம் பட்டு, வைத்தியத்துக்காக வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவர் அங்கே ஒரு முகாமில் தங்கிவிட, ஒரு மாதத்துக்குள் கார் மூச்சை நிறுத்திவிட்டது. சித்தப்பா திருகிப் பார்த்தார். மாமா உதைத்துப் பார்த்தார். கோழி ஒன்று பின் சீற்றில் முட்டையிடத் தொடங்கியது.

அப்பாவின் கடிதங்களில் எங்கள் சுகம் விசாரிப்பது இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரி எப்போதும், “கார் ஓடுதோ?”

“ஓடுது. அண்ணை ஓட்டப் பழகியிட்டார்” என்று அம்மா எழுதிவிட்டார். அண்ணை என்றால் என் மாமா. மாட்டுவண்டியைத் தவிர வேறொன்றையும் ஓட்டியறியாதவர்.

“ஏன் தங்கச்சி பொய் எழுதினனீ?” என்று மாமா கேட்டார்.

“கார் நிண்டிட்டுதெண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் புண் ஆற முதல் வள்ளம் ஏறியிடும். கடலுக்குள்ள நேவி சுடுறது உங்களுக்குத் தெரியாதே?”

மாமா அதோடு விட்டுவிட்டார். அப்பா விடவில்லை. அடுத்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: “சந்தோசம். ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. நிக்கிற படம் வேண்டாம். ஓடுற படம்.”

அம்மா கடிதத்தோடு அப்படியே வாசலில் குந்திவிட்டார். சித்தப்பாவின் முகத்திலோ பெருநாள் வெளிச்சம். அவர் அப்பாவின் தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், ஊரிலே கமரா வைத்திருந்த ஒரே ஆள். பற்றரி கேட்காத பழைய கமரா. அதில் ஊராரின் அடையாள அட்டைக்கெல்லாம் முறைத்த முகங்களை எடுத்து எடுத்து அலுத்துப் போயிருந்தார். எங்கிருந்தோ வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பந்தயக் கார் ஒன்றின் படத்தை வெட்டி வைத்திருந்தார். கார் கண்ணாடிபோலத் தெளிவாக, பின்னால் சனமும் மரமும் வெறும் கோடுகளாக இருக்கும்.

“அண்ணி, கார் ஓடத் தேவையில்லை. தள்ளினால் காணும். நான் ஷட்டரை மெதுவா வைச்சுக் காரோட சேர்ந்து திரும்பினால், காரோட சேர்ந்து வாறதெல்லாம் தெளிவா விழும். நிக்கிறதெல்லாம் கோடாப் போகும். பனையெல்லாம் பறக்கும்.”

“பனை பறக்குமோ?” என்றார் மாமா.

“படத்தில.”

“இவனுக்கு வெயில் பிடிச்சிட்டுது.”

றோலில் மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு படங்கள். புது றோலுக்கு வழியில்லை. ஆகவே சித்தப்பா பிலிமைத் தொடாமலே பழகினார். இரண்டு கிழமையாகப் பின்னேரங்களில் குளக்கட்டு றோட்டில் நான் அப்பாவின் சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு, ஒரே வேகத்தில் போய்வர வேண்டும். அவர் கமராவைக் கண்ணில் வைத்துத் திரும்பி, வாயாலே “க்ளிக்” என்பார்.

“எடி, உனக்குப் பின்னால நாயோ வருது? மெதுவா!”

“இப்ப ஆமை. திரும்பி வா.”

மதகில் இருந்த பெடியள் விடுவார்களா? “மாஸ்டர், இடுப்புச் சுளுக்கோ? எண்ணெய் போடட்டோ?” என்று கத்தினார்கள். சித்தப்பா அவர்களையும் நோக்கித் திரும்பி ஒரு “க்ளிக்” போட்டார். எனக்கு இந்தப் பகடியெல்லாம் உறைக்கவில்லை. படம் எடுக்கிற அன்று முன் சீற் எனக்கு என்று வாக்குக் கிடைத்திருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காரை வெளியே உருட்டினோம். கோழியைக் கிளப்பி மூன்று முட்டை எடுத்தோம். அம்மா பொனற்றில் தேங்காயெண்ணெய் தடவி மினுக்கினார். மாமா அப்பாவின் சேட்டைப் போட்டுக்கொண்டு ஸ்ரியரிங்குக்குப் பின்னால் ஏறினார். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் பூட்டவில்லை. “அது கதவுக்குக் கீழ. விழாது” என்றார் சித்தப்பா. நான் வெள்ளைச் சட்டையும் சிவப்பு றிபனுமாகப் பக்கத்தில். பின்னால் அம்மாவும் அடுத்த வீட்டு அண்ணாமார் இரண்டு பேரும், டிக்கிக்கு மேலே தலை தெரியாமல் குனிந்து நின்றார்கள். காலையில் வந்த ஆமி ஹெலிகொப்டர் திரும்பிப் போய்விட்டதா என்று எல்லோரும் ஒருதரம் வானத்தைப் பார்த்தோம்.

“தள்ளுங்கோ!”

கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. மாமா பழக்கத்தில் “ஹை… ஹை…” என்றார். சித்தப்பாவின் இடுப்பு திரும்பத் தொடங்கிய நேரம் பார்த்து நானாட்டான் பக்கமிருந்து ஒரு டிராக்டர் குறுக்கே புகுந்தது.

“என்ன மாஸ்டர், கலியாணமோ செத்தவீடோ?”

க்ளிக்.

டிராக்டர்காரன் பல்லெல்லாம் காட்டிப் படத்துக்குள் போய்விட்டான். சித்தப்பா கமராவை இறக்கி, “ஒண்டுதான் மிச்சம்” என்றார். பின்னாலிருந்து நிமிர்ந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விசயத்தைக் கேட்ட டிராக்டர்காரன் தலையில் கை வைத்தான். “கயிறு கட்டி இழுக்கட்டோ?”

“கயிறும் விழுந்திடும்.”

“அப்ப தள்ளுவம். டேய், இறங்குங்கோடா!”

டிராக்டரின் பின் பெட்டியில் இருந்து மூன்று தடியர்கள் குதித்தார்கள். “அக்கா, நீங்கள் அங்கால நில்லுங்கோ” என்று ஒருவன் அம்மாவிடம் சொன்னான்.

“என்ர மனுசன்ர கார். நானும் தள்ளுவன்” என்று அம்மா சேலையை இழுத்துச் செருகினார். அவர்களின் தோள்களுக்கிடையில் இடம் கிடைக்காமல் ஓரத்துக்கு நெரிபட்டு, குனிந்தபடி பின் மட்காட்டின் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை கார் முனகவில்லை. பறந்தது. மெய்யாகவே காற்று வந்து றிபனைப் பிடித்து இழுத்தது. நான் வாயைத் திறந்து கத்தினேன். பனைகள் ஓடின. சித்தப்பா ஓடாமல் நின்றபடியே முழு உடம்பாலும் எங்களைப் பார்த்துத் திரும்பினார், நாங்கள் கடந்த பிறகும் திரும்பிக்கொண்டே நின்றார். அவர் க்ளிக் பண்ணியது யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் கார் நிற்கவில்லை. கட்டின் சரிவில் இறங்கி, முன் சில்லு இரண்டையும் குளத்துச் சேற்றில் வைத்துத்தான் நின்றது.

“நிப்பாட்டுறது எப்பிடியெண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையே!” என்று மாமா தாமரை இலைகளைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா மண்ணில் இருந்துகொண்டு சிரித்தார். அப்பா போன பிறகு அந்தச் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன். சேற்றிலிருந்து காரை டிராக்டர்தான் இழுத்துவிட்டது. இப்போது கயிறு பற்றி யாருக்கும் கவலை இல்லை.

றோல் எங்கள் பங்குச் சுவாமியாரின் பையில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, இரண்டு மாதம் கழித்துப் படமாகத் திரும்பியது. சித்தப்பா உறையைப் பிரிக்க, நாங்கள் அவர் தோளில் ஏறாத குறை. அப்பாடா! பனையெல்லாம் கோடு கோடாகப் பறந்துகொண்டிருந்தது. நடுவில் அப்பாவின் கார், கதவுப் பிடியின் கீறல்கூடத் தெரிகிற தெளிவு. மாமா சேனாதிபதி மாதிரி. என் வாய்க்குள் ஒரு பல் இல்லாத இடமும் விழுந்திருந்தது. பின் மட்காட்டின் மூலையில் மட்டும் நாலு கீற்றாக ஏதோ ஒன்று, சின்ன வாழைப்பழச் சீப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊத்தையாக்கும் என்று நகத்தால் சுரண்டினேன்.

சித்தப்பா என் கையைத் தட்டிவிட்டு, அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “பரவாயில்லை. அனுப்புவம்” என்றார்.

மாரி மழை விட்ட பிறகுதான் பதில் வந்தது. மாமாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா சத்தமாக வாசித்தார். இந்த முறை முதல் வரியில் கேள்வி இல்லை.

“படம் கிடைச்சது. கார் நல்ல ஓட்டம். நான் அவசரப்பட மாட்டன். கால் சுகமாகி, கடலும் சரியான பிறகு வாறன்.”

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாமா, தான் ஓட்டிய ஓட்டம் அப்படி என்று மீசையைத் தடவினார். கடைசி வரி எனக்கு எழுதப்பட்டிருந்தது.

“பிள்ளை, அடுத்தமுறை நீ பின்னுக்கு ஏறி, முன் சீற்றை அம்மாவுக்குக் குடு.”

அம்மா அந்த வரியை மனதுக்குள் இன்னொரு தடவை வாசித்தார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கிழமை பாருக்குக் கீழால் கால் விட்டு முட்டி தேய்ந்தது யார்? சரியான வேகத்தில் வந்தது யார்? இப்போது சீற் மட்டும் இன்னொருவருக்கா?

“அப்பாவுக்கு என்ன விசரோ?” என்று நான் நிலத்தை உதைத்தேன். “அம்மாதான் படத்திலயே இல்லையே!”

அதற்கு அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில், கொட்டிலுக்குள் பின் சீற்றில் படுத்திருந்த கோழி எழும்பிக் கத்திக்கொண்டு ஓடியது.