தொட்டிக்குள் தெரிந்த கோழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம். நாமக்கல் பக்கத்தில் எங்களுடைய முட்டைக்கோழிப் பண்ணையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. எது முதலில் வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். மிக்ஸி வாங்கினாலும் சரி, செருப்பு வாங்கினாலும் சரி, நாலு கடை ஏறி இறங்கி, கடைக்காரரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, வீட்டுக்கு வந்து யோசித்து, மறுபடியும் போய்க் கேட்பேன். "பாத்துப் பொறுக்காம நீ எடுத்த ஒரே சாமான் நாந்தான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். உண்மைதான். இன்னொரு மாப்பிள்ளையைப் பார்க்க எனக்கு அவகாசமே கொடுக்காமல் தட்டை மாற்றிவிட்டார்கள்.

அப்படி நான் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிய ஒரு கேமராவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கோழிப்பண்ணையில் இருப்பவளுக்குக் கேமரா எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பண்ணைகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும், லாரி டயரானாலும் மனுஷர் காலானாலும், மருந்துத் தண்ணீரில் நனைந்துதான் வர வேண்டும். ஒரு பண்ணையின் நோய் இன்னொரு பண்ணைக்கு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது அல்லவா? இதில் செல்போன்தான் பெரிய வில்லங்கம். அது டீக்கடை, முட்டை வண்டி, அடுத்தவர் பண்ணை என்று எல்லா இடமும் சுற்றிவிட்டு வரும். அதனால் போனை கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போவோம். "இது தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னு வெளம்பரத்துல சொல்றானுங்க" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் தன் புதுப் போனை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். விளம்பரத்தில் சொன்னது வெறும் தண்ணீர். அந்தப் போன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது ஷெட்டில் பிரச்சினை வந்தது. அதில் இருந்தது புதிதாக முட்டைக்கு வந்த பேட்ச். குஞ்சாக வந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த கோழிகள். திடீரென்று முட்டை குறைய ஆரம்பித்தது. வந்த முட்டையும் ஓடு மெலிந்து, எடுக்கும்போதே கைக்குள் நொறுங்கியது. போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. ஷெட்டின் கடைக்கோடியில் இருந்த கோழிகள் வாயைத் திறந்துகொண்டு, கழுத்தை நீட்டி இரைத்தன. காலையில் போனால் சில செத்துக் கிடக்கும். பக்கத்திலேயே முதல் ஷெட் இருக்கிறது. அதே தீவனம், அதே போர் தண்ணீர், அதே வெயில். அங்கே ஒரு தொந்தரவும் இல்லை.

எங்கள் கோழி டாக்டரோ நோய் சந்தேகம் உள்ள வேறொரு பண்ணைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அந்தக் காலோடு எங்கள் பண்ணைக்குள் வர மாட்டார், வரவும் கூடாது. செத்த கோழியை லேபுக்கு அனுப்பியிருந்தோம். முடிவு வர நாளாகும் என்றார்கள். "கோழி, எச்சம், கூண்டு எல்லாத்தையும் தெளிவாப் படம் எடுத்து அனுப்புங்கம்மா. வெயிலா, நோயான்னு பாக்கோணும். நோய்னா அந்த பேட்ச வச்சுக்க முடியாதுங்க" என்று டாக்டர் போனில் சொன்னார். முழு ஷெட்டையும் காலி செய்ய வேண்டியதுதான் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனை பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, படம் எடுத்து அனுப்பிப் பார்த்தேன். "இது கோழிங்களா, கோணிப்பைங்களா?" என்று கேட்டார் டாக்டர். தண்ணீரில் முக்கினாலும் சாகாத, பண்ணையை விட்டு வெளியே போகாத ஒரு கேமரா வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். உள்ளே படம் எடுத்து, கார்டை மட்டும் கழற்றித் துடைத்துக் கேட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

சேலத்தில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் மறுநாள் காலையிலேயே போய்விட்டோம். கடைக்காரர் ஒரு காலத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவராம். மூக்கு நுனியில் கண்ணாடியோடு இருந்தார். நான் கேட்டதும் இரண்டு சின்ன கேமராக்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டுமே தண்ணீரில் மூழ்கினாலும், கைதவறி விழுந்தாலும் தாங்குமாம். ஒன்று பளபளவென்று ஆரஞ்சு நிறம். எடை இல்லை, பெரிய திரை, படம் பளிச்சென்று விழுந்தது. இன்னொன்று கறுப்பு. கையில் எடுத்தால் கனம், திரை சின்னது, படத்தில் கொஞ்சம் சோகை. லென்ஸைச் சுற்றி மட்டும் குட்டிக் குட்டி விளக்குகள் வட்டமாக இருந்தன. அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சின்னப் பொருளைக் கிட்டே வைத்து எடுக்க என்றார். நம் கோழி என்ன கடுகு சைசிலா இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தேன். எதன் மூடி இறுக்கம்? கையுறை போட்ட கையால் எதன் பொத்தானை அழுத்த முடியும்? மருந்துத் தண்ணீர் பட்டால் ரப்பர் விட்டுப்போகுமா? எந்த பேட்டரி அதிக நேரம் நிற்கும்? சூடு தாங்குமா? என் வீட்டுக்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். நான் விடுகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் கரும்புச்சாறு குடிக்கப் போனார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஆரஞ்சைக் கையில் எடுப்பதும், கறுப்பை எடுப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, நான் இங்க உக்காந்துக்கிட்டு எதச் சொன்னாலும் அது இந்தக் கடை வரைக்குந்தான். உங்க கோழி ஷெட்டுக்குள்ள எப்படின்னு எனக்கு என்ன தெரியும்? ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. அங்க வச்சுப் பாருங்க. எது ஒத்து வருதோ அத வச்சுக்கிட்டு மத்தத கொண்டாங்க, அப்பப் பேசிக்கலாம்" என்றார்.

நான் திகைத்துவிட்டேன். முன்பணம் எவ்வளவு தர வேண்டும் என்று பர்ஸைத் திறந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். போன் நம்பராவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "இத்தனை கேள்வி கேக்கறவங்க சாமானத் தூக்கிட்டு ஓட மாட்டாங்கம்மா. ஓடறவங்க ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்து, இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

வரும் வழியெல்லாம் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். "நம்ம பங்காளி ஊட்டுல ஏணி கேட்டாக்கூட எப்பக் குடுப்பேன்னு நாலு வாட்டி கேப்பாங்க. இவரு பாரேன்!" என்று என் வீட்டுக்காரரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பண்ணை கேட்டில் வேலை செய்யும் அக்காவிடம் பையைக் கொடுத்துவிட்டு நான் கால் கழுவப் போனேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு கேமராவையும் மருந்து வாளிக்குள் போட்டு, கத்தரிக்காய் அலசுவதுபோல அலசிக்கொண்டிருக்கிறார்! மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை. ஓடிப் போய் வாளியைப் பிடித்தேன்.

"அய்யோ அக்கா, அது அடுத்தவங்க சாமானுங்க!"

"ஆரோடதா இருந்தா என்னங்க அம்மிணி? வெளிய இருந்து வந்தா முங்கித்தான் உள்ள வரோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் அவர் நிதானமாக.

நல்லவேளை, இரண்டும் உயிரோடுதான் இருந்தன. நான் பரீட்சை வைப்பதற்கு முன்னாலேயே முதல் பரீட்சை முடிந்துவிட்டது.

ஷெட்டுக்குள் போய் இரண்டிலும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தேன். ஆரஞ்சுதான் ஜெயித்தது. அந்தப் படங்களை டாக்டருக்கு அனுப்பினேன். "இப்பத்தான் கோழி கோழி மாதிரி இருக்குது. எச்சத்தப் பாத்தா நோய் மாதிரி தெரியலீங்க. ஆனா கொண்டை சுருங்கிக் கெடக்குது. தண்ணி நல்லாக் குடிக்குதுங்களா?" என்று கேட்டார். அந்த ஷெட்டின் மேல்தொட்டி நிறைந்துதான் நிற்கிறது என்றேன். பொய் இல்லை. மூடியைத் திறந்து பார்த்திருந்தோம், விளிம்பு வரை தண்ணீர். ஷெட்டின் முதல் கூண்டுகளில், கோழிகள் கொத்திக் குடிக்கும் குழாய் முனையை அழுத்தியும் பார்த்திருந்தோம், சொட்டியது. அதனால் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டோம்.

இனி ஆரஞ்சை வைத்துக்கொண்டு கறுப்பைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஆனால் என் மனசு கேட்கவில்லை. ஆழத்தில் இரண்டும் எப்படி என்று இன்னும் பார்க்கவில்லையே!

"அதான் ஆரஞ்சுன்னு ஆயிப்போச்சல்ல, உட்டுத் தொலையேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அரையுங்கொறையுமாப் பாக்கறதுக்குப் பாக்காமயே இருந்துக்கலாமுங்க" என்றேன்.

வாளியில் ஆழம் ஏது? கிணற்றிலோ கோடையில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. மிச்சம் இருந்தது இரண்டாவது ஷெட்டுக்குத் தண்ணீர் போகும் மேல்தொட்டிதான். "கோழி குடிக்கற தண்ணி அம்மிணி!" என்று என் வீட்டுக்காரர் அலறினார். மருந்தில் முங்கி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசிய கேமரா உங்கள் கையைவிடச் சுத்தம் என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். புலம்பிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

நைலான் கயிற்றில் கட்டி, வீடியோவைப் போட்டு, முதலில் ஆரஞ்சை இறக்கினேன். அடி வரை போய்ச் சுற்றிவிட்டு வந்தது. பிறகு கறுப்பு. இருட்டாக இருக்கிறதே என்று அதன் விளக்கு வட்டத்தையும் போட்டுவிட்டேன். இரண்டையும் மேலே எடுத்தால், வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினார். "ஏனுங் அம்மிணி, பட்டப்பகல்ல மேல என்ன நடக்குது?" என்று கீழேயிருந்து கேட் அக்கா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆரஞ்சு எடுத்த வீடியோவில் ஒரே கும்மிருட்டு. கறுப்பைப் போட்டோம். வெளிச்சத்தில் தொட்டியின் சுவர் தெரிந்தது. அது கயிற்றில் மெல்லச் சுற்றச் சுற்ற, அடியில் படிந்த வண்டல் தெரிந்தது. அதற்குப் பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கோழி தெரிந்தது. சிவப்புக் கொண்டையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"அடியே, கோழி!" என்று கத்தி, என் வீட்டுக்காரர் தொட்டியிலிருந்து விழப் பார்த்தார்.

நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தோம். அது வெயிலுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று தண்ணீரில் கலக்கும் சத்துப் பொடியின் காலி உறை. உறைமேல் அச்சடித்த கோழி. அந்த உறை தண்ணீர் வெளியே போகும் குழாயின் வாயில் நன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இடுக்கு வழியாகக் கசிந்த தண்ணீர் முதல் கூண்டுகளோடு தீர்ந்துபோய், கடைக்கோடிக் கோழிகள் அந்த வெயிலில் தாகத்தில் தவித்திருக்கின்றன. தொட்டி நிறைந்தே நின்றதற்கும் அதுதான் காரணம். தண்ணீர் போனால்தானே குறையும்?

வாராவாரம் தொட்டிமேல் ஏறிப் பொடி கலக்குகிறவர் யார்? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு கத்தியிருப்பேன். ஆனால் இரண்டு கம்பெனிப் பொடியை ஒப்பிட்டு, இதுதான் ஒசத்தி என்று தேர்ந்தெடுத்தவள் நான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மூங்கில் கழியில் கம்பியை வளைத்துக் கட்டி அவர் உறையை இழுத்து எடுத்தார். நான் ஷெட்டின் கடைசிக்கு ஓடினேன். ஒரு கோழி குழாய் முனையைக் கொத்தியது. நின்று யோசித்தது. மறுபடி கொத்தியது. அதற்குள் பக்கத்துக் கோழி, அதற்கடுத்தது என்று வரிசை முழுக்க டக் டக் டக் என்று கொத்தும் சத்தம் பரவியது. கூண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பிழைத்துக்கொள்ளும் என்கிற சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

"அதுக தண்ணி குடிக்குதுக. நீ எதுக்குக் கண்ணுல தண்ணி உடற?" என்று என் தோளைத் தட்டினார்.

லேப் முடிவும் நோய் இல்லை என்றே வந்தது. கொஞ்சங் கொஞ்சமாக முட்டை ஏறியது, ஓடும் கெட்டிப்பட்டது. டாக்டர் அந்த வீடியோவைப் பார்த்து, இனிமேல் வைத்தியத்துக்குக் கறுப்புக் கேமராவையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஆரஞ்சைத் திருப்பிக் கொடுக்கச் சேலத்துக்குப் போனோம். "எல்லாரும் ஆரஞ்சத்தான் கேப்பாங்க, நீங்க என்னம்மா கறுப்ப எடுக்கறீங்க?" என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"அன்னிக்கே ஒண்ணப் பொறுக்கச் சொல்லியிருந்தா நான் ஆரஞ்ச எடுத்துட்டுப் போயிருப்பேனுங்க. அந்த ஷெட்டு எனக்கு மிஞ்சியிருக்காதுங்க" என்றேன். கறுப்புக்கான பணத்தை எண்ணி மேஜையில் வைத்தேன்.

"அட, நீங்க வேற. உங்க கேள்விக்குப் பதில் சொல்லி முடியாமத்தான் குடுத்தனுப்பினேன்" என்று அவர் மறுபடியும் சிரித்தார்.

கறுப்புக் கேமரா இப்போது இரண்டாவது ஷெட் வாசலில் ஆணியில் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் பொடி கலக்கினால், காலி உறையைக் கேட் அக்காவிடம் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் ஏணியில் இறங்க வேண்டும். நானும் மாறிவிடவில்லை, போன மாதம் ஒரு குக்கர் வாங்க நாலு கடை ஏறினேன். அந்த வீடியோவை மட்டும் நாங்கள் அழிக்கவே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் தண்ணீருக்குள் சிரிக்கும் கோழியைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ, முன்பின் தெரியாத ஒருத்தியை யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒரு துணிப்பையை அவள் பக்கம் நகர்த்திய அந்தக் கைதான் ஒவ்வொரு முறையும் தெரிகிறது.