ஜூலி பூட்டிய வயர்கள்

நீக்கிலாஸுக்கு மல்வேர்ன் மாடிக் கட்டடங்களில் லிப்ட் திருத்தும் வேலை. வாழ்நாளெல்லாம் மேலே போய்க் கீழே வந்து அலுத்தவன், ஒருமுறையாவது மேலே போய் அங்கேயே நிற்க ஆசைப்பட்டுத்தான் சொந்தமாகப் பிளேன் கட்டத் தொடங்கினான் என்று நான் கதை விடுவதுண்டு. உண்மைக் காரணம் அவன் மனைவி ஜூலி, என் தங்கை மகள். "ஏரிக்கு மேலாலை என்னை ஒருக்கால் கொண்டுபோங்கோ" என்று கலியாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு சிறு விமானத் திடலில் வாடகைக் கொட்டகை. இரண்டு இருக்கைப் பிளேன். தகரமும் இறக்கையும் அவன் பாடு. வயர் முழுக்க அவள் பாடு. ஸ்காபரோத் தொழிற்சாலையில் வருடக்கணக்காய் வயர் கட்டியவள் அல்லவா! வயர் நுனியில் செப்புக் காது என்ற சிறு வளையத்தை மாட்டி அவள் குறடால் நசுக்கினால், அதில் எருமையைக் கட்டி இழுத்தாலும் எருமைதான் அறுந்து வரும் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். தானே அளவு பார்த்து நசுக்கும் புதுக் கருவியொன்றை நீக்கிலாஸ் வாங்கிக் கொடுத்தான். "என்ரை கைக்கு அளவு தெரியும்" என்று அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டாள்.

போன வசந்தத்தில் எஞ்சின் முதன்முதலாக ஓடியது. கொஞ்ச நேரத்தில், எண்ணெய் அழுத்தம் காட்டும் திரை அணைந்தது. நிறுத்திவிட்டு மீற்றர் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. ஓடவிட்டால் மறுபடி இருட்டு. பற்றறியை மாற்றினான், சுவிட்சை மாற்றினான், திரையையே புதிதாக வாங்கினான். அதிர்வில் ஏதோ வயரின் பூட்டுக் கழல்கிறது, ஒவ்வொன்றாய் இழுத்துப் பார் என்று பக்கத்துக் கொட்டகைக்காரன் சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

"அது ஜூலி பூட்டினது. அதிலை பிழை வராது."

இப்படியே கோடை போயிற்று. இலை கொட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை நானும் தேத்தண்ணீருடன் போயிருந்தேன்.

"பெரியம்மா, உங்கடை புளுகிலை ஒண்டை எடுத்து விடுங்கோ. அதைக் கேட்டாவது உது பத்தட்டும்."

"புளுகுக்குப் பத்தாது மருமோன். ரெண்டு தூசணம் சொல்லிப் பாரும்."

சிரித்துக்கொண்டே, திரைக்குப் பின்னால் இருந்த வயரை விளையாட்டுக்கு ஒரு சுண்டு சுண்டினான். பால்பல் போலக் கழன்று கையோடு வந்தது. அடுத்ததை இழுத்தான். அதுவும் வந்தது. இறக்கைக்குப் போகும் பழைய வயர்கள் அசையவில்லை. கடைசியாகப் பூட்டியவைதான் ஒவ்வொன்றாய் வந்தன.

ஜூலி மடக்குக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரன் தந்த செப்புக் காதுகள் சரியில்லை," என்றான் நீக்கிலாஸ், அவளைப் பாராமல்.

"காதிலை பிழையில்லை. ஒரு கைக்கு ஏலாமல் ரெண்டு கையாலையும்தான் அமத்தினனான்."

"எப்ப துடக்கம்?"

"நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு. சட்டைப் பொத்தானும் பூட்டேலாமல் கிடக்கு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை நீர்?"

"சொன்னா இதை விட்டிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா என்னை இழுத்துத் திரிவியள். பிளேன் எழும்பட்டும் எண்டு இருந்தனான்."

நரம்பு வியாதி என்றார்கள் டொக்டர்மார். தசைகள் ஒவ்வொன்றாய் ஓயும். மருந்து கொஞ்சம் பிந்த வைக்கும், நிறுத்தாது. குளிர்காலம் முடிவதற்குள் அவள் கைகளைத் தொடர்ந்து கால்களும் ஓய்ந்தன. அந்தப் பிளேனில் இறக்கைமேல் கால் வைத்து ஏறித்தான் இருக்கைக்குள் இறங்க வேண்டும்.

நீக்கிலாஸ் புதுக் கருவியால் எல்லா வயரையும் திரும்பப் பூட்டினான். எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், திரை கண் சிமிட்டவும் இல்லை. பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டினால் பறக்கலாம். அவன் கூப்பிடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், சக்கர நாற்காலியில் இருந்த ஜூலி மெதுவாகக் கேட்டாள்:

"பிழை பிடிபட்டதோ?"

"இல்லை. இன்னும் ஒரு வயர் மிச்சம் கிடக்கு."

ஜூலி அவன் முகத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படாதேங்கோ," என்றாள். "ஆறுதலாத் தேடுங்கோ."